மூன்றாவது பூச்சு

சென்ற மாதம் இறந்துபோன சுண்ணாம்புப் பரமசிவத்தைப் பற்றி எங்கள் தேக்கா வட்டாரத்தில் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் ஒரு சூரிய அஸ்தமனப் படம் போட்டானாம். அதைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரத் துரை மயங்கி விலைக்கு வாங்கிக்கொண்டு போனாராம். நம்மாள் ஒருவனுக்கு இந்த ஊரில் இப்படியொரு மரியாதை கிடைத்ததாம். காப்பிக் கடையில் உட்கார்ந்து இதைச் சொல்பவர்களுக்கு அப்போது ஆறேழு வயதுகூட இருந்திருக்காது. பரமசிவம் தன் வாழ்நாளில் ஒரு அஸ்தமனமும் போட்டதில்லை. அவன் போட்டது விடிகாலை. அது அஸ்தமனமாக மாறியது எப்படி என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவன் போய்விட்டான். அவன் மனைவி முத்தாயி வாயைத் திறக்க மாட்டாள். மிச்சம் இருப்பது நான்.

என் பெயர் சேக் தாவூது. சிராங்கூன் ரோட்டில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். முருகன், லட்சுமி, மக்கா, மதீனா, கல்யாண போட்டோ, இங்கிலாந்து ராஜா என்று எது வந்தாலும் என்னிடம் கண்ணாடி ஒன்றுதான். பரமசிவத்தை அவன் என்றே எழுதுகிறேன். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. அவர், இவர் என்று எழுதினால் செத்தவன் எழுந்து வந்து சிரிப்பான்.

பதினேழு வயதில் கப்பலேறி வந்தவன். அந்தக் காலத்தில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்கள் புகைந்துகொண்டிருந்தன. நம் ஆட்கள் அந்த இடத்துக்குச் சுண்ணாம்புக் கம்பம், அதாவது சுண்ணாம்புக் கிராமம், என்றே பெயர் வைத்திருந்தார்கள். அங்கே சிப்பியும் பவளக் கல்லும் சுமந்தான். பிறகு சுண்ணாம்பு அடிக்கப் போனான். இரண்டு கைகளிலும் முழங்கை வரை வெந்து வெந்து தோல் தடித்திருந்தது. வேலையில் மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது. நகக்கண் அளவு இடம் விட்டுப்போயிருந்தாலும் மறுநாள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் அடித்துவிட்டு வருவான். கூட வேலை செய்தவர்கள் கிண்டல் செய்வார்கள். அவனுக்கு அது உறைக்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதில், அவனுக்கு நாற்பது வயதாகும்போது, டாங்லின் பக்கம் ஒரு பங்களாவில் வேலை வந்தது. அங்கே மதாம் லெபோர் என்ற பிரெஞ்சுக்கார விதவை இருந்தாள். புதனும் சனியும் வராந்தாவில் துரைசானிகளுக்குப் படம் போடக் கற்றுக்கொடுப்பாள். எண்ணெயும் இல்லை, தண்ணீரும் இல்லை. பேஸ்டல் என்ற வண்ணக் கட்டிகள். தொட்டால் விரலில் ஒட்டும், ஊதினால் பறக்கும், அவ்வளவு மெத்து. பரமசிவம் வராந்தாக் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு ஏணி மேல் நின்றான். கீழே துரைசானிகள் மூக்கு காகிதத்தில் இடிக்கிற மாதிரி குனிந்துகொண்டு, எல்லாம் கிறுக்கலாக இருக்கிறதே என்று முனகிக்கொண்டிருந்தார்கள். இவன் பன்னிரண்டடி உயரத்திலிருந்து எட்டிப் பார்த்தான். மதாமின் பலகையில் இருந்த கிறுக்கல் அங்கிருந்து பார்க்க ஆறாக இருந்தது. ஆற்றின் மேல் வெயில் அசைந்தது.

வாய் சும்மா இருக்கவில்லை. தனக்குத் தெரிந்த சந்தை மலாயில், மேலே வந்து பார்த்தால் தண்ணீர் தெரிகிறது என்று சொல்லிவிட்டான். துரைசானிகள் சிரித்தார்கள். மதாம் சிரிக்கவில்லை. அவனைக் கீழே இறக்கி இன்னொரு படத்தைத் தூரத்தில் வைத்து, இதில் என்ன தெரிகிறது என்று கேட்டாள். சொன்னான். அன்றைக்கு வேலை முடிந்து போகும்போது உடைந்த கட்டிகளைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தாள்.

அவள் புண்ணியத்துக்குக் கொடுத்தாள் என்று நான் நினைக்கவில்லை. ரோஜாப் பூவுக்குக் கோடு இழுத்துக்கொண்டிருந்த துரைசானிகளிடம் அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. பார்க்கத் தெரிந்த கண் ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது. அது ஏணியில் கிடைத்தது.

சனிக்கிழமைகளில் துரைசானிகளின் வண்டிகள் போன பிறகு ஒரு மணி நேரம் அவனுக்குப் பாடம். முதல் மூன்று மாதம் அடிதான் வாங்கினான். சுண்ணாம்பு அடிக்கிறவன் கை அல்லவா? காகிதத்தில் ஓரிடம் பாக்கியில்லாமல் பூசி நிரப்பிவிடுவான். மதாம் விசிறிக் காம்பால் அவன் கையைத் தட்டி, "பியார், பியார்!" என்று கத்துவாள். மலாயில் விடு, விடு என்று அர்த்தம். காகிதத்தை அங்கங்கே வெறுமையாக விட வேண்டுமாம், அதன் வழியாகத்தான் காற்று வருமாம். இருபது வருஷமாக வெறுமை விட்டால் வசவு வாங்கியவனிடம் போய் இதைச் சொன்னால்?

அடுத்தது கறுப்பு. எருமைக்குக் கறுப்புக் கட்டியை எடுத்தான். மதாம் அதைப் பிடுங்கித் தோட்டத்தில் எறிந்துவிட்டு, போய்ப் பார்த்துவிட்டு வா என்றாள். எருமைக்கு நம் பக்கம் பஞ்சமா? கண்டாங் கெர்பாவ் என்ற எருமைப் பட்டிப் பக்கம் ரோச்சோர் வாய்க்கால் முழுக்க எருமைதான். ஒரு வாரம் வேலைக்குப் போகும் முன் அங்கே போய்க் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றான். மாட்டுக்காரர்கள் இவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். ஒரு நாள் காலையில் நேரே என் கடைக்கு வந்தான்.

"பாய், எருமை கறுப்பு இல்ல."

"கண்ணுல சுண்ணாம்பு விழுந்துடுச்சா?"

"நெசமாச் சொல்றேன். வெயில் ஏறுற நேரத்துல வயித்துப் பக்கம் கத்திரிப்பூ நெறம். முதுகுல வானத்தோட நீலம். கொம்பு மேல மட்டும் ஒரு கீத்து மஞ்சள். கால் மணி நேரந்தான், அப்புறம் போயிடுது."

"போ, போய் வேலையப் பாரு," என்றேன். அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை. அதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கம் என்ன? நான் அதற்குள் இருபது வருஷம் படங்களோடு வாழ்ந்திருந்தேன், ஒரு படமும் என்னை அப்படிச் சிரிக்க வைத்ததில்லை.

அந்தக் கால் மணி நேரத்தைத்தான் அவன் போட ஆசைப்பட்டான். வாய்க்கால், பனி, காளவாய்ப் புகை, நான்கு எருமை, ஈரப் புல்லின் மேல் மஞ்சள் வெயில். ஆனால் மஞ்சள் கட்டி இல்லை. பிரான்சிலிருந்து கப்பலில் வரும் பெட்டியில் மஞ்சளைத்தான் துரைசானிகள் முதலில் தீர்த்துவிடுவார்கள், வெயில் ஊர் என்று எதற்கெடுத்தாலும் அதையே தேய்ப்பார்கள். இவனுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் பச்சையும் நீலமும் ஊதாவும். ஆகவே முத்தாயியின் விரலி மஞ்சளை இடித்துச் சலித்தான். கட்டியாக உருட்ட மாவு வேண்டுமே என்று கையோடு இருந்த சுண்ணாம்பைக் கலந்தான். கலந்ததும் குப்பென்று சிவந்துவிட்டது. முத்தாயி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா ஆலாத்தின்னு ஒனக்குத் தெரியாதா? ஒங்கம்மா ஒனக்கு ஆலாத்தியே எடுக்கலையா?"

அவனும் சேர்ந்து சிரித்தான். பிறகு சீனப் பாத்திரக்காரனிடம் வெள்ளைக் களிமண் வாங்கி, மஞ்சளைக் கருவேலம்பிசின் தண்ணீரில் பிசைந்து, விரல் பருமனுக்கு உருட்டி நிழலில் உலர்த்தினான். அருமையான மஞ்சள் வந்தது. அதை மதாமே கையில் வாங்கி உரசிப் பார்த்துவிட்டுக் குறை சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள் என்று பெருமையாகச் சொன்னான்.

ஒவ்வொரு டிசம்பரிலும் துரைமார்களின் சித்திர சங்கம் கடற்கரைப் பக்கம் ஒரு மண்டபத்தில் படங்களை மாட்டி வைக்கும். பெரிய இடத்து ஆட்கள் வருவார்கள். கடைசி நாளான திங்கட்கிழமை மத்தியானம் மட்டும் மற்றவர்களும் போகலாம். அந்த மண்டபத்துக்குப் பத்து வருஷமாகச் சுண்ணாம்பு அடிப்பவன் பரமசிவம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தில் மதாம் அவனிடம், உன் வாய்க்கால் படத்தை நம் வகுப்புப் படங்களோடு மாட்டலாம், கீழே உன் பெயரைப் போடச் சொல்கிறேன் என்றாள். கிழக்குச் சுவரின் ஓரத்தில் இடத்தையும் காட்டிவிட்டாள். தான் அடித்த சுவரில் தன் பெயர். அவனுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை முத்தாயியைக் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சுவர் முன்னால் நிறுத்த வேண்டும், விடிகாலையில் எழுந்து எங்கே ஓடினேன் என்று அவள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவளை அவன் எங்கேயும் கூட்டிக்கொண்டு போனதில்லை.

இனி என் பங்கு.

பேஸ்டல் படத்துக்குச் சட்டம் போடுவது சாமி படத்துக்குப் போடுவது மாதிரி அல்ல. கண்ணாடி படத்தைத் தொட்டால் வண்ணம் கண்ணாடிக்கு வந்துவிடும். நடுவே மெல்லிய கட்டை கொடுத்து இடைவெளி விட வேண்டும், பின்னால் பலகை அடித்து ஈரம் புகாமல் காகிதம் ஒட்ட வேண்டும். இதை மதாம் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அந்த வருஷம் துரைசானிகளின் பதினான்கு படங்களும் என் கடைக்கே வந்தன. பரமசிவத்தின் படம் பதினைந்தாவது. பழைய ஜன்னலிலிருந்து கழற்றிய தேக்குக் கட்டையை அவனே இழைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். வியாழக்கிழமை தயாராக இருக்கும் என்று வாக்குக் கொடுத்தேன்.

டாங்லின் வேலைக்காரர்கள் வண்டியில் வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது எனக்குத் தலைகால் புரியாத பெருமையாக இருந்தது. ஒரு துரைசானி சட்டத்தின் நிறம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினாள். மறுபடி செய்தேன். இன்னொருத்திக்குத் தங்கப் பூச்சு போதவில்லை. மறுபடி செய்தேன். பரமசிவத்தின் தேக்குக் கட்டை மூலையில் கிடந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் அவன் கைகால் கழுவி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"இன்னும் தொடலையா பாய்?"

"எங்க நேரம்? பதினாலு படம் முடிச்சிருக்கேன், பாத்தல்ல?"

"நாளைக்கு மாட்டணுமே."

"நாலு குண்டூசி குத்தி மாட்டு. மூணு நாள்தானே. ஒன் படத்துக்குக் கண்ணாடி எதுக்கு? தூசிதானே!"

நகைச்சுவை என்று நினைத்துச் சொன்னேன். அவன் படத்தை வாங்கி இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை பதினான்கு சட்டங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நானும் மண்டபத்துக்குப் போனேன். வாரம் முழுக்க மழை. சுண்ணாம்பு வேலை தள்ளித் தள்ளிப் போய் முதல் நாள்தான் முடிந்திருந்தது. மண்டபம் முழுக்க அந்த ஈர வாடை. எல்லாச் சுவருக்கும் இரண்டு பூச்சு. கிழக்குச் சுவரின் ஓரத்தில், நான்கு முழச் சதுரத்துக்கு மட்டும், பால் மாதிரி வெளுப்பாக இருந்தது.

"இது என்ன, இங்க மட்டும்?" என்று கேட்டேன்.

"மூணாவது பூச்சு அடிச்சேன். நல்ல கல்லுச் சுண்ணாம்பா எடுத்துத் தண்ணி ஊத்தித் தாளிச்சு வடிகட்டி அடிச்சேன். நம்ம படம் மாட்டுற எடமில்ல?" என்றான்.

படத்தை நானே பிடித்தேன், அவன் குண்டூசி குத்தினான். சர்க்கரை மடிக்கும் சாம்பல் நீலக் காகிதம், பின்னால் அட்டைகூட இல்லை. அது சுவரோடு அப்பிக்கொண்டு நின்றது. நாங்கள் இருவரும் எதிர்ச் சுவர் வரை பின்னால் போய்ப் பார்த்தோம். அல்லா சாட்சியாகச் சொல்கிறேன், அது காலை நேரமாகவே இருந்தது. புல்லின் மஞ்சளைப் பார்த்தால் கால் நனைந்துவிடும் போல இருந்தது. எருமை ஒன்றிலும் கறுப்பு இல்லை. பதினான்கு படத்தில் ஒன்றுகூட அதன் பக்கத்தில் நிற்காது. நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுவர் ஈரமாக இருக்கிறதே என்றாவது சொல்லியிருக்கலாம். எனக்குத் தங்கப் பூச்சுச் சட்டங்கள் கோணாமல் நிற்கின்றனவா என்பதே கவலை.

சனிக்கிழமை மத்தியானம் மதாம் ஆள் அனுப்பி அவனை வரச் சொன்னாள். எல்லாரும் உன் படத்தின் முன்னால்தான் நிற்கிறார்கள் என்று அந்த ஆள் சொன்னான். பரமசிவம் ஓடினான். கூட நானும் போனேன், என் சட்டங்களை யாராவது பாராட்டுகிறார்களா என்று பார்க்க. பின்வாசல் வழியாக விட்டார்கள்.

புல் சிவந்திருந்தது. ஓரத்தில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் மிச்சம், மற்றதெல்லாம் சிவப்பு. வாய்க்காலில் விழுந்த வெயில் சிவப்பு, கொம்பு மேல் போட்ட கீற்று சிவப்பு, பனிக்குள் இருந்த மஞ்சளும் சிவப்பு. ஜோகூர் தோட்டத்துத் துரை ஒருவர் கையில் கோப்பையோடு அதன் முன்னால் நின்று மதாமிடம் என்னவோ புகழ்ந்துகொண்டிருந்தார். மதாமின் முகம் பூரித்திருந்தது. கீழே ஒட்டியிருந்த அட்டையில் 'காலை' என்று அச்சிட்டிருந்த வார்த்தையைப் பேனாவால் அடித்து 'அஸ்தமனம்' என்று அவளே எழுதியிருந்தாள். அதற்கும் கீழே, இங்கிலீஷில், பரமசிவம்.

அவன் அட்டையைக் காட்டி, "இனி பாகி, மதாம்," என்றான். இது காலை, மதாம்.

அவள் அவன் தோளைத் தொட்டு, "பியார்," என்றாள். மூன்று மாதம் விசிறிக் காம்பால் அடித்துக் கற்றுக்கொடுத்த அதே வார்த்தை. விடு. துரைக்கு இது பிடித்திருக்கிறது, வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார், இதே மாதிரி இன்னும் மூன்று போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். மஞ்சள் ஏன் சிவந்தது என்று அவள் கேட்கவில்லை. தன் கையால் உரசிப் பார்த்த மஞ்சள் அது.

எனக்கு அவள் மேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. அந்தக் கோபத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதை விட்டால் வேறு யார் மேல் கோபப்பட வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை முத்தாயி வந்தாள். வர வேண்டாம் என்று அவன் சொல்லிப் பார்த்திருக்கிறான். அவள் பச்சைச் சேலை கட்டி, முகத்துக்கு மஞ்சள் பூசி, பூ வைத்துக்கொண்டு தயாராக நின்றாளாம், என்ன செய்வது? மண்டபத்தில் நம் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் வாயைப் பிளந்துகொண்டு சுற்றிவந்தார்கள். அவள் வேறெந்தப் படத்தையும் பார்க்கவில்லை. நேரே கிழக்குச் சுவருக்குப் போனாள். கிட்டே போய்ப் பார்த்தாள். காகிதத்தின் ஓரத்தை ஒற்றை விரலால் தூக்கி, பின்னால் சுவரைத் தொட்டாள். விரலை மோந்து பார்த்தாள்.

"ஆலாத்தியாயிடுச்சே," என்றாள் மெதுவாக. பிறகு, "இந்தச் செவுத்துக்கு யாரு சுண்ணாம்பு அடிச்சது?"

"நான்தான்," என்றான்.

"எத்தன பூச்சு?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஏன் பாய், மத்ததுக்கெல்லாம் மரச்சட்டம் இருக்கு. இதுக்கு மட்டும் ஏன் இல்ல?"

நான் பக்கத்துச் சட்டத்தை நேராக்குவது போலத் திரும்பிக்கொண்டேன். அவள் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை படத்தைச் சட்டம் போட என்னிடம் அனுப்பினார்கள், தோட்டத்துத் துரை கொண்டுபோவதற்காக. கொண்டுவந்தவன் பரமசிவம். நான் ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து அவன் தேக்குக் கட்டையில் சட்டம் செய்து முடித்திருந்தேன். எடுத்து மேசை மேல் வைத்தேன். அவன் தடவிப் பார்த்தான்.

"பரமசிவம், அன்னிக்கு நான்..."

"கண்ணாடிய நல்லாப் போடுங்க பாய்," என்றான். "தூசிதானே."

குத்திக்காட்டச் சொன்னானா, சும்மா சொன்னானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் குரலில் கோபம் இல்லை. நான் இடைவெளிக் கட்டை வைத்து, பலகை அடித்து, காகிதம் ஒட்டி, என் வாழ்நாளிலேயே நேர்த்தியான சட்டத்தை அந்தப் படத்துக்குப் போட்டேன். அவன் முடியும்வரை நின்று பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

அதன் பிறகு அவன் பேஸ்டல் கட்டியைத் தொடவில்லை. மதாம் இரண்டு தடவை ஆள் அனுப்பினாள், போகவில்லை. பன்னிரண்டு வருஷம் சுண்ணாம்பு அடித்தான். அந்த மண்டபத்துக்கும் ஒவ்வொரு டிசம்பரும் அடித்தான். கிழக்குச் சுவரும் மற்ற சுவர்களும் ஒரே மாதிரி, இரண்டு பூச்சு. விடிகாலையில் வாய்க்கால் பக்கம் அவனை யாரும் பார்க்கவில்லை. வேலைக்குக்கூடச் சுற்றுவழியாகப் போனான்.

அஸ்தமனக் கதை தேக்காவுக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை, அவன் போன பிறகு, காப்பிக் கடைக்காரன் என் மேசைக்கு வந்து எட்டிப் பார்த்து, "இது என்னா படம் பாய்?" என்று கேட்டான். விடிகாலை என்று சொன்னால் ஏன் சிவப்பு என்று கேட்பான். ஏன் சிவப்பு என்று சொன்னால், ஏன் சட்டம் இல்லாமல் மாட்டினான் என்று கேட்பான்.

"சூரிய அஸ்தமனம்," என்றேன். "நம்ம பரமசிவம் போட்டது. பாத்துட்டு வெள்ளக்காரன் சொக்கிப் போயிட்டான்."